நாகையும் தூத்துக்குடியும்: வந்தவர்கள், தங்கியவர்கள்

நாகப்பட்டினத்துக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் பழம்பெருமைக்கு வந்துவிடும். "சீனாக்காரன் வந்த ஊர், டச்சுக்காரன் கோட்டை கட்டிய ஊர், பத்து நாட்டு ஆளும் கலந்து இருந்த ஊர். அதனால்தான் அந்தக் காலத்தில் இங்கே பணம் புரண்டது" என்று ஒருவர் சொல்வார். உடனே இன்னொருவர், "இன்றைக்குத் தூத்துக்குடி எங்கே, நாம் எங்கே?" என்று பெருமூச்சு விடுவார். இரண்டு பேர் சொல்வதும் தனித்தனியாகச் சரிதான். நடுவில் வருகிற அந்த "அதனால்தான்" என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. பல இன மக்கள் வந்ததால் ஊர் பணக்கார ஊரானதா? அல்லது பணம் இருந்ததால் பல இன மக்கள் வந்தார்களா? பணம் போனதும் அவர்கள் எங்கே போனார்கள்?

நான் பிறந்து வளர்ந்தது நாகை. வங்கி வேலையில் இங்கேயும் இருந்தேன், எண்பதுகளில் ஏழு வருடம் தூத்துக்குடியிலும் இருந்தேன். இரண்டு ஊர்ப் பேரேடுகளையும் புரட்டிய கை இது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். நம்மூர்க்காரர்களுக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு கணக்கு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாகூரையும் சேர்த்து நாகப்பட்டினம் நகராட்சியில் 57,190 பேர். அதே வருடம் தூத்துக்குடியில் 28,048 பேர். அதாவது நாம் அவர்களைப் போல இரண்டு மடங்கு. 2011 கணக்கெடுப்பில் நாகப்பட்டினம் 1,02,905, தூத்துக்குடி 2,37,830. இப்போது அவர்கள் நம்மைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நூற்றுப் பத்து வருடத்தில் தராசுத் தட்டு அப்படியே மாறிவிட்டது. மக்கள்தொகையே செல்வம் ஆகிவிடாது என்பது தெரியும். ஆனாலும் பிழைப்பு இருக்கிற ஊருக்குத்தான் ஜனம் வரும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

வந்தவர்களின் வகையைக் கணக்கெடுத்தால் நாகை பக்கத்தில் தூத்துக்குடி நிற்கவே முடியாது. சுமத்ராப் பக்கம் ஆண்ட ஸ்ரீவிஜய அரசர் ஒருவர் இங்கே தன் தகப்பனார் பெயரில் சூடாமணி விகாரம் எழுப்பினார். அதற்கு முதலாம் இராசராசன் 1006 வாக்கில் ஆனைமங்கலம் கிராமத்து வருவாயைக் கொடுத்தான். வருடத்துக்கு 8,943 கலத்துக்கு மேல் நெல். சைவப் பேரரசன், பௌத்தப் பள்ளி, கடல் கடந்த ராஜா, காவிரி நெல் என்று நான்கும் ஒரே செப்பேட்டில் இருக்கின்றன. அந்தச் செப்பேடு பிறகு டச்சுக்காரர்கள் வழியாக லெய்டன் நகரத்துக்குப் போய், லெய்டன் செப்பேடு என்றே பெயர் வாங்கிவிட்டது. நம் ஊர்ப் பத்திரத்துக்கு அவன் ஊர்ப் பெயர்.

கடற்கரையில் செங்கல்லால் கட்டிய பழைய கோபுரம் ஒன்று இருந்தது. ஐரோப்பிய மாலுமிகள் அதைச் சீனக் கோபுரம் என்று அழைத்து, கரைக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 1867-இல் அதை இடித்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் 1856 தொடங்கிப் பல தடவை மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பௌத்த வெண்கலச் சிலைகள் முந்நூறுக்கும் மேல். அவற்றில் ஒரு பகுதி இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிறகு போர்த்துகீசியர் வந்து குடும்பங்களோடு குடியேறினார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் அவர்களை விரட்டி ஊரைப் பிடித்தார்கள். 1690-இல் பழவேற்காட்டை விட்டுவிட்டுச் சோழமண்டலக் கரை முழுவதுக்கும் நாகையையே தலைமை இடமாக்கினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். வடக்கே போனால் பக்கத்திலேயே காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், அதற்கு மேல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். நாற்பது கிலோமீட்டருக்குள் இத்தனை ஐரோப்பியக் கொடிகள் பறந்த கரை தமிழ்நாட்டில் வேறில்லை. இது பெருமைதான். ஆனால் வியாபாரக் கண்ணால் பாருங்கள். ஒரே காவிரி நெல்லுக்கும் ஒரே துணிக்கும் மூன்று துறைமுகங்கள், மூன்று முதலாளிகள். ஒருவர் சுங்கத்தை ஏற்றினால் சரக்கு அடுத்த துறைக்குப் போய்விடும். இத்தனை கொடி பறந்ததே நாகைக்குக் குந்தகமாகவும் இருந்தது என்பதை நம் பெருமைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை.

உள்ளூர்க்காரர்களில் கடலைப் பிழைப்பாக வைத்திருந்தவர்கள் மரைக்காயர்களும் மற்ற முஸ்லிம் வணிகர்களும். பாய்மரக் கப்பலில் ஆச்சே, கெடா, பர்மா என்று போய்வந்தார்கள். நாகூர் ஆண்டகை ஷாகுல் ஹமீது அவர்களின் தர்காவில் மிக உயரமான மினாரை, 131 அடி, கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப சிங். கப்பலேறும்முன் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் அங்கே நேர்ந்துகொண்டு போவார்கள். போன இடத்திலும் மறக்கவில்லை. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் பினாங்குச் சூலியா தெருவிலும் நாகூர் தர்கா என்றே பெயர் வைத்துக் கட்டினார்கள். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை 1801 வாக்கில் தொடங்கியவர் இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து போன காதர் மொகிதீன் மரைக்காயர். அங்கே மலாய்ப் பெண்களை மணந்துகொண்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு ஜாவி பெரனாக்கான் என்று பெயர்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. நாகையின் இனக்கலப்பு நடந்தது பெரும்பாலும் நாகையில் அல்ல. பினாங்கில் நடந்தது, சிங்கப்பூரில் நடந்தது, மலாயாவில் நடந்தது. இங்கே வந்தவர்கள் சரக்கு ஏற்றினார்கள், இறக்கினார்கள், கோட்டை கட்டினார்கள், அடுத்தவன் பீரங்கியோடு வந்ததும் போனார்கள். இங்கிருந்து போனவர்கள் அங்கே கடை வைத்தார்கள், தெரு அமைத்தார்கள், தர்கா கட்டினார்கள். டச்சுக்காரர்கள் நம்மிடம் விட்டுப்போனது பேதுரு ஆலயமும் கல்லறைகளும். சீனக் கோபுரத்தில் ஒரு செங்கல்லும் மிச்சமில்லை. டச்சுக் குடும்பப் பெயரோடு இன்று ஊரில் யாரையாவது காட்டுங்கள் பார்க்கலாம்.

என் வங்கி அனுபவமும் இதையே சொல்லும். எழுபதுகளில் நான் வேலை பார்த்த கிளையில் வைப்புத்தொகை நன்றாக இருக்கும். சபராளி வீடுகளுக்கு மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற பணம் தவறாது. வீட்டுப் பெண்கள் புர்காவோடு வந்து, பாஸ்புத்தகத்தை நீட்டி, நாலு நாள் செலவுக்கு எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே விட்டுப் போவார்கள். ஆனால் கடன் கேட்டு வருபவர் குறைவு. தொழில் தொடங்கக் கடன் கேட்டு வருபவர் இன்னும் குறைவு. வந்தால் நகைக்கடன், இல்லாவிட்டால் சாகுபடிக் கடன். இங்கே சேர்ந்த பணத்தை வங்கி வேறு ஊர்களில் கொண்டுபோய்க் கடன் கொடுத்தது. ஊருக்குள் பணம் வந்தது, வீடு கட்டியது, கல்யாணம் செய்தது. பட்டறை வைக்கவில்லை.

எண்பதுகளில் தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போன முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. அங்கே காலை பத்து மணிக்கு மேனேஜர் அறைக்கு வெளியே நிற்கிற கூட்டம் முழுவதும் கடன் கேட்கிற கூட்டம். உப்புக்காரர், பஞ்சுக்காரர், லாரி வைத்திருப்பவர், தோணிக்காரர், வத்தல் வியாபாரி, தீப்பெட்டிக்காரர். ஒருவர் பில் கொண்டுவருவார், ஒருவர் பண்டகசாலை ரசீது கொண்டுவருவார். தவணை தவறினவரும் முகத்தை மறைக்காமல் வந்து நின்று அடுத்த கடன் கேட்பார். பேரேட்டில் பெயர்களைப் பார்த்தால் பெர்னாண்டோ, மச்சாடோ, நாடார், பிள்ளை, செட்டியார், மரைக்காயர், ராவுத்தர் என்று கலந்து கிடக்கும். ஒன்று கவனித்தேன். இந்தப் பெயர்களில் வெளிநாட்டு ஆள் ஒருவரும் இல்லை. போர்த்துகீசியப் பெயர் வைத்திருந்தவரும் அந்தக் கரையிலேயே பிறந்த பரதவர்தான்.

அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதும் பணக் கதைதான். கொற்கையில் பாண்டியர் காலத்திலிருந்தே முத்துக்குளிப்பு. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் பின்வாங்கி, கொற்கை போய்க் காயல் வந்தது, காயலும் தூர்ந்து தூத்துக்குடி வந்தது. 1530-களில் முத்துக்குளிப்பு உரிமையில் பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் பெரிய பகை மூண்டபோது, பரதவர்கள் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1535-37-இல் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542-இல். நம்பிக்கை பின்னால் ஆழமாக வேரூன்றியது உண்மை. தொடக்கம் கடல் உரிமை பற்றிய சண்டை. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபை, ஊர் கத்தோலிக்கம். சபை மாறச் சொல்லிப் பார்த்தார்கள், பரதவர்கள் மாறவில்லை. டச்சுக்காரர் காலத்திலேயே, 1713-இல், பனிமய மாதா கோயில் எழுந்தது. 1806-இல் தங்கத் தேர் ஓடியது. ஆள வந்தவன் மதத்தை மறுத்துவிட்டு அவன் கண்ணெதிரே கோயில் கட்டுகிற அளவுக்கு அந்தச் சமூகத்துக்குத் தன் கரையில் பிடிப்பு இருந்தது. நாகையில் இந்த மாதிரி ஊரையே பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கடல் சமூகத்தை நான் காணவில்லை. நம் மரைக்காயர்களுக்குத் திறமை குறைவில்லை, ஆனால் அவர்களின் ஒரு கால் எப்போதும் அக்கரையில்.

தூத்துக்குடியின் அடுத்த கட்டம் பஞ்சு. கோவில்பட்டி, எட்டயபுரம், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காடு முழுவதும் பருத்தி. 1876-இல் ரயில் வந்ததும் அந்தப் பஞ்சு முழுக்கத் தூத்துக்குடிக்கு வந்தது. ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1888-இல் கோரல் மில்லைத் தொடங்கினார்கள். கொழும்புக்குப் போகிறவர்களும் அப்போது இங்கேதான் கப்பலேறினார்கள். ஆனால் ஊர் வெள்ளைக்காரனை நம்பி மட்டும் இருக்கவில்லை. தெற்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் வந்த நாடார் வியாபாரிகள் பேட்டை பேட்டையாகப் பஞ்சு, வெல்லம், வத்தல், உப்பு என்று பிடித்தார்கள். கோயில் நுழையக் கூடாது என்று அவர்களை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. உள்ளே விடாத ஊரில் தமக்கென்று பள்ளிக்கூடம், சங்கம், மகமை வைத்துக்கொண்டார்கள். வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்குவார்கள். 1921-இல் நாடார் வங்கியைத் தூத்துக்குடியிலேயே ஆரம்பித்தார்கள். அதுதான் 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி, இன்றைக்கும் அங்கேயே தலைமையகம் வைத்திருக்கிறது. நம் டெல்டாவிலும் ஒரு வங்கி அதற்கு முன்னாலேயே பிறந்தது, 1904-இல். ஆனால் பிறந்தது கும்பகோணத்தில். கடற்கரையில் அல்ல, நெல் வயல் நடுவில். நம் பக்கத்துப் பணம் கடலை விட நிலத்தைத்தான் நம்பியது. காவிரிப் பாசனம் இருக்கும்போது உப்புக் காற்றில் எவன் முதல் போடுவான் என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். கரிசல்காட்டுக்காரனுக்கு அந்தச் சொகுசு இல்லை.

வ.உ.சி. கதை எல்லாருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1906-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, பத்து லட்சம் முதல். கம்பெனித் தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார். நடத்தியவர் ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை. எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. கட்டணத்தைத் தரைமட்டமாகக் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் துணிந்தது. 1908-இல் கோரல் மில் வேலைநிறுத்தம், கைது, சிறை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. தோல்விதான். ஆனால் ஒரு தேவரும் ஒரு சேட்டும் ஒரு பிள்ளையும் ஒரே பங்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்களே, அதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. நாகையில் நம் பாய்மரக்காரர்களை இதே மாதிரி நீராவிக் கப்பல் கம்பெனிகள் அடித்து நொறுக்கியபோது, எல்லாச் சமூகமும் சேர்ந்து எதிர்க் கப்பல் விடவில்லை. தனித்தனியே தோற்றோம்.

இன்னொன்று குடிதண்ணீர். தூத்துக்குடி உப்புத்தண்ணீர் ஊர். நகராட்சித் தலைவராகப் பலமுறை இருந்த ராவ் பகதூர் குரூஸ் பெர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். பரதவர் ஒருவர் கொண்டுவந்த தண்ணீரை எல்லாச் சாதியும் குடித்தது. நான் அங்கே இருந்த காலத்திலும் கிழவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் குழாயைத் திறப்பார்கள்.

நாகையிலிருந்து போனவற்றைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். தஞ்சாவூர் ஜில்லாவுக்கு 1799 முதல் 1845 வரை தலைநகரம் நம் ஊர். பிறகு அது போனது. தென்னிந்தியாவின் கிரேட் சதர்ன் ரயில்வே 1861-இல் இங்கிருந்துதான் கிளம்பியது, தஞ்சாவூர் வரை, மறுவருடம் திருச்சி வரை. தலைமையகம் பிறகு திருச்சிக்குப் போனது. ஏசு சபையார் 1844-இல் இங்கே தொடங்கிய கல்லூரி 1883-இல் திருச்சிக்குப் போய்த் தூய வளனார் கல்லூரி என்று புகழ் பெற்றது. ரயில்வே பட்டறை 1920-களின் கடைசியில் பொன்மலைக்குப் போனது. பட்டறையோடு குடும்பம் குடும்பமாக ஆங்கிலோ-இந்தியர்களும் போனார்கள். எங்கள் தாத்தா காலத்தில் பட்டறைச் சங்கு ஊதினால்தான் அடுப்பு மூட்டுவார்களாம். எல்லாம் திருச்சிக்கே போனதால் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: மலைக்கோட்டையை மட்டும்தான் திருச்சிக்காரன் நம்மிடமிருந்து எடுத்துப் போகவில்லை என்பார் தாத்தா.

மிச்சம் இருந்தது சிங்கப்பூர்க் கப்பல். ரஜுலாவை நம் வயதுக்காரர்கள் யார் மறக்க முடியும்? சென்னையில் கிளம்பி நாகையில் நின்று பினாங்கு, சிங்கப்பூர் போகும். ஆழமான துறைமுகம் இல்லாததால் கப்பல் தொலைவில் நங்கூரம் போடும். படகில் ஏறி, அலையில் ஆடி, ஏணியில் தொற்றிக் கப்பலேற வேண்டும். அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தப் பயணிகள் வழியும் முடிந்தது. அதற்கு முன்பே மலேசியாவில் 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சட்டம் இறுகி, குடியுரிமை இல்லாதவர்கள் பலர் திரும்பி வந்துவிட்டார்கள்.

இயற்கையும் இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி கொடுக்கவில்லை. தூத்துக்குடிக் கடலும் கரையோரம் ஆழமில்லாததுதான், கப்பல் அங்கும் தொலைவில்தான் நின்றது. ஆனால் முன்னால் சின்னச் சின்னத் தீவுகள், அப்பால் இலங்கை. வங்கக் கடல் புயலை அந்தத் தீவு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நாகைக்கு முன்னால் வெறும் கடல். 1952 புயல், 1977 புயல், 2018 கஜா என்று எல்லாம் நேரே நம் கதவைத் தட்டியது. 2004 சுனாமியில் நம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இதை மறந்துவிட்டு நாகைக்காரன் சோம்பேறி என்று பேசுவது பாவம். ஆனால் தூத்துக்குடிக்கும் அடி விழுந்திருக்கிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழியாகக் கொழும்புப் போக்குவரத்து திரும்பியதும் பயணிகள் கூட்டம் ஒரே நாளில் போனது. 1961-க்குப் பிறகு முத்துச் சலாபம் நடக்கவில்லை. ஊர் படுக்கவில்லை. பஞ்சு இருந்தது, உப்பு இருந்தது, வங்காளத்து வளையலுக்குச் சங்கு போனது, தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடின. ஒன்று போனால் இன்னொன்றில் கைவைக்க உள்ளூரில் முதலும் ஆளும் இருந்தார்கள். 1974-இல் ஆழ்கடல் துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டபோது அதற்கு ஏற்றுவதற்குச் சரக்கும், சரக்குக்குச் சொந்தக்காரரும் ஊரிலேயே தயாராக இருந்தார்கள்.

இதனால் தூத்துக்குடி சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கே எனக்குக் கீழே வேலை பார்த்த கடைநிலை ஊழியர் ஒருவரின் வீடு உப்பளத்துப் பக்கம். அவர் மனைவியும் மாமியாரும் அளத்து வேலை. காலில் புண் ஆறாது, வெள்ளை வெயிலில் கண் கூசிக் கூசிப் பார்வை மங்கும். நாட்டிலேயே உப்பில் குஜராத்துக்கு அடுத்து நிற்கிற ஊரில் உப்பு வாரிய பெண்ணுக்கு மழைக்காலத்தில் கூலி கிடையாது. முத்துக்குளிப்புக் காலத்திலும் அப்படித்தான். மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போனவன் ஒருவன், பெரும்பங்கு எடுத்துக்கொண்டது அரசாங்கம். 2018 மே 22-இல் தாமிர உருக்காலையை எதிர்த்துப் போன ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். செல்வம் உண்டாக்குகிற தொழிற்சாலை யாருடைய காற்றில் நிற்கிறது என்ற கேள்வியில்தான் அந்தச் சண்டை வந்தது. ஊர்வலத்தில் போனவர்களில் மீனவரும் இருந்தார், வியாபாரியும் இருந்தார், அளத்துக்காரரும் இருந்தார்.

நாகையின் கணக்கிலும் இதைச் சேர்க்க வேண்டும். டச்சுக்காரன் கட்டிய கோட்டையையும் மரைக்காயர் ஓட்டிய கப்பலையும் சொல்கிற நாம், கங்காணிக்குக் கைநாட்டு வைத்து மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போன கூலிகள் நம் துறைமுகத்தின் பெரிய ஏற்றுமதியாக இருந்ததைச் சொல்வதில்லை. அவர்களில் பெரும்பாலோர் தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு, சேலத்துக் கிராமங்களில் நிலமில்லாத மக்கள். அந்தப் பணக்காரக் காவிரிப் படுகையிலிருந்து ஆள் எதற்காகக் கப்பலேறினான்? நெல் விளைந்த வயல் அவனுடையது இல்லை. நாகை எத்தனை வகை மனிதர்களை வரவேற்றது என்று எண்ணும்போது, எத்தனை மனிதர்களைத் தங்கவிடாமல் அனுப்பியது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே அந்த "அதனால்தான்" என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சீனர், சுமத்ராக்காரர், போர்த்துகீசியர், டச்சுக்காரர் எல்லாரும் காவிரி நெல்லையும் துணியையும் தேடி வந்தார்கள். செல்வம் முதலில், கூட்டம் பின்னால். தூத்துக்குடியில் வந்த வகை குறைவு. இருந்த நாலைந்து சமூகங்களும் தமக்குள் அடித்துக்கொண்டன, ஒதுக்கி வைத்தன, வழக்குப் போட்டன. ஆனாலும் கடலில் ஒருவர், உப்பில் ஒருவர், பஞ்சில் ஒருவர், வட்டிக்கடையில் ஒருவர் என்று ஆளுக்கொரு பிடி ஊரில் இருந்தது. ஒருவர் விட்டாலும் மற்றவர் விடவில்லை.

சாப்பாட்டில்கூட இது தெரிகிறது. தூத்துக்குடி மக்ரூன் ஐரோப்பியப் பெயர் வாங்கியது. பாதாம் போய் நம் முந்திரி வந்தது, உள்ளூர் பேக்கரிக்காரர் கையில் தொழிலாகி இன்று ஊர் ஊராகப் பார்சலில் போகிறது. நம் நாகூர் வாடா ருசியில் அதற்குக் குறைந்ததில்லை. அரிசி மாவும் இறாலும் சேர்ந்து அந்த மணம் வேறு எங்கும் வராது. ஆனால் அதைத் தின்ன நாகூருக்குத்தான் வர வேண்டும்.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தார்கள். தூத்துக்குடியிலும் 2011-இல் கொழும்புக்கு ஒரு கப்பல் விட்டுச் சில மாதத்தில் நிறுத்தினார்கள், அந்த ஊர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நம் ஊரில் கப்பல் கிளம்பிய அன்று கடற்கரைச் சாலையில் கிழவர்கள் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். நானும் நின்றேன். பக்கத்தில் நின்ற பாய், ரஜுலாவில் மூன்று தடவை போனவர், "டிக்கெட் எடுத்தவன் எல்லாம் பையோடு போறான், சரக்கு ஏத்துறவன் ஒருத்தனையும் காணோமே தம்பி" என்றார்.